சுற்றுச்சூழல் கல்வி ஒருங்கிணைப்பாளரும் உழவரும்



ஆண்டுதோறும் ஜூன் திங்கள் 5-ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி உங்கள் ஊர்ப் பள்ளியிலும் மரக்கன்று நட்டிருப்பார்கள். ஆறு திங்கள் கழித்து அதே இடத்தைப் போய்ப் பாருங்கள். நட்ட கன்றுகளில் எத்தனை நிற்கின்றன? வெயில் தணியாத காலத்தில் நட்டு, வேலியும் தண்ணீரும் இல்லாமல் விட்டால், ஆடு மேய்ந்ததுபோக மிஞ்சுவது குச்சிதான். வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள ஊரில் கன்று நட ஏற்ற காலம் புரட்டாசிக்குப் பிறகு என்பது உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நடுவதற்கு முன் உழவரை யாரும் கேட்கவில்லை. உழவரும் பள்ளிக்குப் போய்ச் சொல்லவில்லை.

இப்படி இரு பக்கமும் ஒருவரையொருவர் பாராமல் இருக்கும்போது, இடையில் நின்று இணைக்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் சுற்றுச்சூழல் கல்வி ஒருங்கிணைப்பாளர். மாவட்ட அளவிலோ, சில மாவட்டங்கள் சேர்ந்த வட்டார அளவிலோ பணியாற்றும் இவரைப் பற்றி உழவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இவர் யார், என்ன செய்கிறார், இவரால் உங்கள் ஊருக்கும் நிலத்துக்கும் என்ன பயன், அந்தப் பயனைப் பெற நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இப்பணி வந்த வரலாறு

இயற்கைச் சூழலைக் காப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ஆம் ஆண்டில் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டில், அதாவது 1977 அக்டோபரில், இன்றைய ஜார்ஜியா நாட்டுத் திபிலிசி நகரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் சார்பில் சுற்றுச்சூழல் கல்வி மாநாடு நடைபெற்றது. சுற்றுச்சூழல் கல்வி பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று, எல்லா வயதினருக்கும் எல்லாத் தொழில் செய்வோருக்கும் வேண்டும், அது அந்தந்த ஊரின் சிக்கலைத் தீர்க்க உதவ வேண்டும் என்று அம்மாநாடு வலியுறுத்தியது.

1984-இல் ஆமதாபாத்தில் சுற்றுச்சூழல் கல்வி மையம் மைய அரசின் ஆதரவுடன் தொடங்கப்பெற்றது. பின்னர்ச் சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் தோன்றியது. 1986-இல் தொடங்கிய தேசியச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு இயக்கத்தில், இத்தகைய மையங்கள் வட்டார வள நிறுவனங்களாக நின்று, சிற்றூர்களில் பணியாற்றும் தொண்டு நிறுவனங்களையும் பள்ளிகளையும் ஒருங்கிணைத்தன. எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2001-02-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைப்படைத் திட்டம் வந்தது. அதன்படி பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைக்கப்பெற்றன. ஒவ்வொரு மன்றத்திலும் 30 முதல் 50 மாணவர்கள், அவர்களுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர், மாவட்டம் முழுவதற்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் என்பது அதன் அமைப்பு.

திட்டங்களின் பெயரும் நிதியும் விதிகளும் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. ஆனால் பள்ளியையும் ஊரையும் துறைகளையும் இணைக்கும் ஒருவர் தேவை என்பது மாறவில்லை.

ஒருங்கிணைப்பாளர் செய்யும் பணிகள்

தமிழ்நாட்டில் மாவட்ட ஒருங்கிணைப்பாளராக இருப்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே. தம் வகுப்புகளையும் பார்த்துக்கொண்டு இப்பொறுப்பையும் சுமப்பவர்கள் பலர். அவர் செய்யும் பணிகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. மன்றப் பொறுப்பாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தல்.

2. வனத்துறை, வேளாண்மைத் துறை, மாசு கட்டுப்பாட்டு வாரியம், பொதுப்பணித் துறை, கல்லூரிகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலிருந்து வல்லுநர்களையும், கன்று, விதை, படக்காட்சி, சோதனைக் கருவி முதலியவற்றையும் பள்ளிகளுக்கு வரவழைத்தல்.

3. மன்றங்களுக்கு வரும் சிறு நிதியைப் பகிர்ந்து, கணக்கும் அறிக்கையும் பெற்று, மேலே அனுப்புதல்.

4. ஒரு பள்ளியில் நன்றாக நடந்ததை மற்றப் பள்ளிகளுக்கு எடுத்துச் சொல்லுதல்.

இவற்றுள் நான்காவதுதான் மிகவும் பயனுள்ளது. ஆனால் மூன்றாவது வேலையே அவருடைய நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பசுமைப்படைத் திட்டத்தில் மாவட்டம் ஒன்றுக்கு 250 பள்ளிகள் வரை சேர்க்கப்பட்டன. ஒரு கல்வியாண்டில் பள்ளி நடைபெறும் நாள்கள் ஏறத்தாழ 210 அல்லது 220. நாளுக்கு ஒரு பள்ளி என்று ஒருங்கிணைப்பாளர் ஓயாமல் சுற்றினாலும், ஆண்டுக்கு ஒரு முறைகூட எல்லாப் பள்ளிகளையும் பார்த்து முடிக்க இயலாது. அப்படியிருக்க, உங்கள் ஊர் ஏரியின் மதகு எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கிணற்றில் நீர் உவர்ப்பாகி வருகிறது என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அனுப்பும் பாடம் எல்லா ஊர்களுக்கும் பொதுவானதாகத்தான் இருக்கும். அதை உங்கள் ஊருக்குரிய பாடமாக மாற்ற உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த ஆள் உழவர்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி இதற்கு முற்றிலும் பொருந்தும்.

உழவரும் ஆசிரியரே

"எழுதப் படிக்கத் தெரிந்த அளவில் நிற்கும் நான் பள்ளிப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று நீங்கள் தயங்கலாம். தயங்க வேண்டியதில்லை.

வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் நீரில் கலப்பதால், அந்நீர் பாயும் வயல்களுக்கு உரம் கிடைக்கிறது என்பதை உழவர்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதனால் பறவைகளை எவரும் சுடாதபடி காத்து வந்தனர். 1798-ஆம் ஆண்டிலேயே அக்காலத்து ஆங்கிலேயக் கலெக்டரிடமிருந்து அதற்கு எழுத்து மூலமான உரிமையும் பெற்றனர். சுற்றுச்சூழல் கல்வி என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அதைச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

மற்றொரு சான்று இமயமலைப் பகுதியைச் சேர்ந்தது. இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் அல்மோரா என்ற மலை நகரம் உள்ளது. அங்குள்ள உத்தராகண்ட் சேவா நிதி என்னும் நிறுவனம் 1987 முதல் மலைப்பகுதிப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியை ஒருங்கிணைத்து வந்தது. அது வகுத்த பாடத்தில் உலகச் சிக்கல்களைப் பற்றிய பொதுப் பேச்சு முன்னே நிற்கவில்லை. மாணவர்கள் தங்கள் ஊரையே அளந்தார்கள். ஊர் மாடுகளுக்கு எவ்வளவு தீவனம் வேண்டும், புல்வெளியில் எவ்வளவு விளைகிறது, அடுப்புக்கு எவ்வளவு விறகு போகிறது, காடு எவ்வளவு தரும், ஊற்றில் எவ்வளவு நீர் வருகிறது என்று கணக்கிட்டார்கள். புல்லும் விறகும் சுமந்து களைக்கும் தாய்மாரின் உழைப்பும் அந்தக் கணக்கில் வந்தது. 2002-இல் இப்பாடம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அம்மாநிலத்தின் முறையான பாடமாயிற்று. இப்பணிக்குத் தலைமை தாங்கிய லலித் பாண்டே அவர்களுக்கு 2007-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று. ஒருங்கிணைப்பாளர்கள் கொடுத்தது அளக்கும் முறை. அளக்கப்பட்டது ஊரின் நிலமும் நீரும். அதற்கு விடை சொன்னவர்கள் ஊர் மக்கள். நம் ஊரிலும் இதையே செய்யலாம்.

உங்கள் ஊரில் செய்யத்தக்க நான்கு பாடங்கள்

கீழ்க்காணும் நான்குக்கும் பெரிய செலவில்லை. பள்ளித் தலைமையாசிரியரிடமும் மன்றப் பொறுப்பாசிரியரிடமும் நீங்களே இவற்றை எடுத்துச் சொல்லலாம்.

*முதற் பாடம்: மழை அளவு.* வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான தகர டப்பா ஒன்றை, மரமும் சுவரும் மறைக்காத வெட்டவெளியில், சாயாதபடி நிறுத்த வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதில் நிற்கும் நீரை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு, நீரைக் கொட்டிவிட வேண்டும். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் நீர் ஏறத்தாழ 40,000 லிட்டர் ஆகும். நொடிக்கு 3 லிட்டர் இறைக்கும் மோட்டார், இந்த அளவு நீரைத் தர மூன்றே முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். இந்தக் கணக்கைப் பிள்ளை போட்டுக் காட்டும்போது, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்குவதன் பயன் வீட்டில் உள்ள அனைவருக்கும் விளங்கும். கூடவே, திங்கள் தோறும் முதல் நாளன்று நான்கைந்து கிணறுகளின் நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றால் அளந்து எழுதி வைக்கவும். கிணற்றில் கயிறு இறக்குவது பெரியவர்களின் வேலை. மாணவர் எட்ட நின்று குறிப்பெடுத்தால் போதும்.

*இரண்டாம் பாடம்: ஏரியின் கொள்ளளவு.* ஏரி வற்றியிருக்கும் காலத்தில், மதகின் அடிப்படி முன்பு எவ்வளவு தெரிந்தது, இப்போது எவ்வளவு வண்டலில் புதைந்துள்ளது என்பதை ஊரில் மூத்த உழவர்கள் காட்ட முடியும். ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு வண்டல் படிந்தால், 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர் நீர் நிற்க வேண்டிய இடம் போய்விடுகிறது. வரத்துக்கால்வாயில் எங்கெங்கு அடைப்பு, எங்கெங்கு குப்பை கொட்டப்படுகிறது என்பதை மாணவர்கள் வரைபடமாக வரையலாம். இத்தகைய வரைபடமும் அளவும் கையில் இருந்தால், தூர்வாரும்படி ஊராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் கேட்பது எளிதாகும். வண்டலை வயலுக்கு அடிக்க விரும்புவோர் உரிய அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். கரையை ஒட்டித் தோண்டுதல் கூடாது.

*மூன்றாம் பாடம்: பூச்சிக்கொல்லி டப்பா.* நான்கு பாடங்களிலும் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது இதுவே. பள்ளியிலிருந்து வந்த மகள், "அப்பா, இந்த டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டால் உங்களால் விடை சொல்ல முடியுமா? சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கடுமையான நஞ்சு. நீலம் என்றால் நடுத்தர நஞ்சு. பச்சை என்றால் அவற்றினும் குறைந்த நஞ்சு. பச்சையும் நஞ்சுதான் என்பதை மறக்கக்கூடாது.

மருந்து தீர்ந்த டப்பாவில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும். இவ்வாறு மூன்று முறை கழுவ வேண்டும். பிறகு டப்பாவின் அடியில் துளையிட்டு, எவரும் மீண்டும் பயன்படுத்த முடியாதபடி செய்து, வேளாண்மை அலுவலரின் ஆலோசனைப்படி அகற்ற வேண்டும். வாய்க்காலிலோ கிணற்றருகிலோ வீசுவதும், அடுப்பில் எரிப்பதும், எண்ணெய், தானியம், தண்ணீர் வைக்கப் பயன்படுத்துவதும் பெருந்தீங்கு. மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் மாற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டொழியுங்கள். பிள்ளைகள் அதைக் குடிநீர் என்று எண்ணிக் குடித்துவிடக்கூடும். நஞ்சு உட்கொண்டவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும்போது டப்பாவின் சீட்டையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.

இப்பாடத்தில் மாணவர்கள் டப்பாவைத் தொடுதல் கூடாது. முக்கோணத்தின் படத்தை வரைந்து, வீட்டில் மருந்து பூட்டி வைக்கப்பட்டுள்ளதா என்று கேட்டுக் குறித்து வருவதே அவர்களுடைய வேலை.

*நான்காம் பாடம்: வைக்கோலும் மண்புழுவும்.* எந்திர அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் வைக்கோலைக் கொளுத்தும் வழக்கம் சில இடங்களில் பரவியுள்ளது. ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை தழைச்சத்து உள்ளது. சாம்பல் சத்து அதைவிட அதிகமாக உள்ளது. எரித்தால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். வைக்கோலை எரித்த வயல் ஒன்றிலும், மடக்கி உழுத வயல் ஒன்றிலும், மண் ஈரமாக உள்ள காலத்தில் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் தோண்டி, மண்புழுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் எண்ணிச் சொல்வதை நீங்களும் அருகில் நின்று பாருங்கள். எரிப்பதா மடக்கி உழுவதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.

பருவத்துக்கேற்ற பணித்திட்டம்

ஜூன், ஜூலை: பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைச் சந்தித்து மன்றம் உள்ளதா என்று கேட்டறிதல். மழைமானி வைத்தல்.

ஆகஸ்ட், செப்டம்பர்: ஏரி, வரத்துக்கால்வாய் ஆகியவற்றைப் பார்வையிட்டு வரைபடம் வரைதல். கன்று நடும் குழிகளை எடுத்து வைத்தல்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மழை அளவு குறித்தல். முதல் நல்ல மழைக்குப் பின் கன்று நட்டு, முள்வேலி அடைத்தல். கன்றுக்கு ஒரு வீடு என்று பொறுப்பு ஒப்படைத்தல்.

ஜனவரி, பிப்ரவரி: அறுவடை வயலில் வைக்கோல் பாடம். ஏரிக்கு வந்துள்ள பறவைகளை எண்ணுதல். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். மாணவர்களும் இத்தகைய பணியில் பங்கு பெறலாம்.

மார்ச்: ஆண்டு முழுவதும் எடுத்த கணக்கை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் மாணவர்களைக் கொண்டே படிக்கச் செய்தல்.

ஒருங்கிணைப்பாளரிடம் என்ன கேட்கலாம்?

உங்கள் மாவட்டத்தில் இப்பொறுப்பில் இருப்பவர் யார் என்பதைப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்திலோ கேட்டறியலாம். அவரிடம் பொதுவாக "எங்கள் ஊருக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்பதைவிட, குறிப்பாகக் கேட்பதே பயன் தரும்.

"எங்கள் ஊர்க் கிணற்று நீரையும் மண்ணையும் சோதிக்க மண் பரிசோதனை நிலையத்தார் ஒரு நாள் பள்ளிக்கு வந்து செய்து காட்ட ஏற்பாடு செய்வீர்களா?"

"கன்றுகளை ஜூனில் தராமல் அக்டோபரில் தர இயலுமா? வேம்பு, புங்கம், இலுப்பை, பனை விதை ஆகியவை எங்கள் நிலத்துக்கு ஏற்றவை."

"இதே சிக்கல் உள்ள வேறு ஊர் எது? அங்கே என்ன செய்தார்கள்? நாங்கள் போய்ப் பார்க்கலாமா?"

இம்மூன்றையும் ஒருங்கிணைப்பாளர் மறுக்க மாட்டார். மாறாக மகிழ்வார். ஆண்டு முழுவதும் அறிக்கை எழுதிக் களைத்தவருக்கு, ஓர் உழவர் தேடி வந்து கேட்பது பெரும் ஊக்கமாக இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

மாணவர்களைக் கூலியாட்கள் போல வேலை வாங்கக்கூடாது. அளப்பதும் எண்ணுவதும் எழுதுவதும் அவர்கள் வேலை. மண் சுமப்பதும் முள் வெட்டுவதும் பெரியவர்கள் வேலை. மருந்து தெளிக்கும் வயலுக்கு அவர்களை அழைத்துச் செல்லக்கூடாது. நீர் நிற்கும் ஏரி, குட்டை, கிணறு ஆகியவற்றின் அருகே பெரியவர் துணையின்றி விடக்கூடாது. எந்தக் கணக்கையும் எவர் மீதும் குற்றம் சாட்டும் கருவியாக ஆக்கக்கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இறுதியாக ஒன்று. மழை அளவு, கிணற்று மட்டம், ஏரி வண்டல், பறவை எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே தடித்த குறிப்பேட்டில் எழுதி, அதைப் பள்ளியில் ஒன்றும் ஊராட்சியில் ஒன்றுமாக இரு படிகள் வைக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் இடமாற்றத்தில் போய்விடலாம். தலைமையாசிரியரும் ஓய்வு பெறலாம். திட்டத்தின் பெயரும் மாறலாம். ஏரியும் கிணறும் அங்கேயேதான் இருக்கும், அவற்றை நம்பி நீங்களும் இருப்பீர்கள். பத்து ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், புதிதாக வரும் ஒருங்கிணைப்பாளர் அங்கிருந்து தொடங்குவார். இல்லாவிட்டால், மறுபடியும் ஜூன் திங்களில் கன்று நட்டுவிட்டுப் போவார்.

எனவே, உழவர்களே! வரும் வாரத்தில் ஒரு நாள், மாலையில் பள்ளி விடும் நேரத்தில் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஒரு தகர டப்பாவையும் ஓர் அளவுகோலையும் ஒரு குறிப்பேட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மற்றவற்றை அங்கிருந்தே தொடங்கலாம்.